தொலேதோ: ஓர் அரைநாட் செலவும் மொழிபெயர்ப்பு வரலாறும்

ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மாட்ரிட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், பாறைக்குன்றொன்றின் மேல் அமைந்த பழநகர் தொலேதோ. தாஹோ என்னும் ஆறு அக்குன்றை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகின்றது. உரோமர், விசிகோத்தியர், அரபியர், காஸ்தீலியர் என்போர் ஒருவர்பின் ஒருவராக இருந்து ஆண்ட ஊர் அது. 1986ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. மாட்ரிட்டுக்கு வருவோர் வழிகாட்டி ஒருவருடன் பேருந்தில் சென்று, அரைநாளில் அந்நகரைக் கண்டு மீள்வது வழக்கம். நாமும் அவ்வாறே சென்று மீண்டோம்.

அரைநாளில் காணக் கிடைப்பவை கட்டடங்களே. தொலேதோ உலக அறிவு வரலாற்றில் பெற்றிருக்கும் இடமோ பெரிதும் மொழிபெயர்ப்பால் வந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அரபு நூல்கள் முதலில் இலத்தீனுக்கும், பின்னர்க் காஸ்தீலிய மொழிக்கும் பெயர்க்கப்பட்ட இடங்களுள் அது தலையாயது. அப்பணியை யார் செய்தனர், எவ்வாறு செய்தனர், அஃது ஏன் நின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும், வழிகாட்டி காட்டிய கட்டடங்களிலிருந்தே தொடங்கி விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் தோற்றம்

பேருந்து நேரே நகருக்குள் செல்வதில்லை. ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள மேட்டில் முதலில் நிற்கின்றது. அங்கிருந்து நோக்கினால் நகர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். ஒருபுறம் தலைமைப் பேராலயத்தின் கோபுரம். மற்றொருபுறம் நாற்புறமும் கோபுரம் கொண்ட அல்காஸர்க் கோட்டை. கீழே ஆழ்ந்த பள்ளத்தில் ஆறு. உரோம வரலாற்றாசிரியர் லீவி, இவ்வூர் சிறியதேனும் அமைந்த இடத்தால் அரண் பெற்றது என்ற கருத்துப்படக் குறிப்பிட்டிருப்பதன் பொருத்தம் அம்மேட்டில் நின்றால் விளங்கும்.

அல்காஸர் என்னும் பெயரே நம் கருத்தைக் கவர்வது. பாசறை அல்லது அரண் எனப் பொருள்படும் 'காஸ்த்ரம்' என்னும் இலத்தீன் சொல் அரபு மொழியில் 'கஸ்ர்' எனத் திரிந்து, 'அல்' என்னும் முன்னொட்டுடன் மீண்டும் ஸ்பானிய மொழிக்குள் புகுந்து 'அல்காஸர்' ஆயிற்று. இலத்தீனிலிருந்து புறப்பட்ட சொல் அரபு வழியாக இலத்தீனின் வழிமொழி ஒன்றுக்கே திரும்பி வந்துள்ளது. இவ்வூரில் நூல்களுக்கு நேர்ந்ததும் இதனை ஒத்ததே. 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் முற்றுகையுற்றுப் பெரிதும் இடிந்த இக்கோட்டை பின்னர் மீளக் கட்டப்பட்டது. அதன் ஒரு பகுதியில் இன்று நூலகம் ஒன்று இயங்குகின்றது.

1561இல் இரண்டாம் பிலிப்பு மன்னர் தம் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினார். அரசியற் செல்வாக்கு நீங்கியமையால் தொலேதோ பெரிதாக வளரவில்லை. பழந்தெருக்கள் இடிபடாமல் எஞ்சியமைக்கு அதுவே ஒரு காரணம். 1577இல் இங்கு வந்து தங்கிய கிரேத்துத் தீவினராகிய ஓவியர் எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை தீட்டிய ஓர்காஸ் பிரபுவின் நல்லடக்க ஓவியம் சாந்தோ தோமே கோயிலில் உள்ளது. அவர் தம் ஓவியங்களில் கிரேக்க எழுத்திலேயே கையொப்பமிட்டு வந்தார் என்பதை மட்டும் குறித்து மேற்செல்வோம். பொன்னிழை பதித்த எஃகுப் பொருள்களும் வாள்களும் விற்கும் கடையொன்றில் நமக்குரிய நேரத்தின் கணிசமான பகுதி கழிந்தது. அதனைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெயர் மாறிய வழிபாட்டிடங்கள்

நகரின் வடபகுதியில் 'ஒளியின் கிறித்து' என்னும் பெயருடைய சிறு கோயில் உள்ளது. அது 999ஆம் ஆண்டில் பள்ளிவாசலாகக் கட்டப்பட்டது. இச்செய்தியை, முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கி அமைத்த அரபுக் கல்வெட்டு கூறுகின்றது. உள்ளே நான்கு தூண்கள் இடத்தை ஒன்பது கட்டங்களாகப் பகுக்கின்றன. ஒன்பது கட்டங்களின் மேற்கூரையும் ஒன்பது வகையாக அமைந்துள்ளன. தூண்களின் போதிகைகள் பழைய விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. கிறித்தவர் ஆட்சி வந்தபின் அதன் ஒருபுறம் அரைவட்டத் திருமுற்றம் சேர்க்கப்பட்டுக் கோயிலாயிற்று.

மேற்குப் பகுதியில் யூதர் வாழ்ந்த தெருக்கள் உள்ளன. அங்குள்ள 'வெண்ணிற மரியாள்' கோயில் யூதர் தொழுகைக்கூடமாக எழுந்தது. வெண்சுதை பூசிய எண்கோணத் தூண்களும், குதிரைலாட வடிவ வளைவுகளும் அரபியர் கட்டடக் கலையைச் சேர்ந்தவை. ஆகவே, யூதர்க்காக, கிறித்தவ மன்னர் ஆட்சியில், இசுலாமியக் கலைமரபில் கட்டப்பட்ட கூடம் இன்று மரியாளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதற்கு அணித்தாக உள்ள மற்றொரு தொழுகைக்கூடத்தைக் காஸ்தீலிய மன்னர் முதலாம் பேத்ரோவின் கருவூலத் தலைவர் சாமுவேல் ஹலேவி என்பவர் 1357ஐ ஒட்டிக் கட்டுவித்தார். அதன் சுவர்களில் எபிரேய எழுத்துக்களே அணியாக ஓடுகின்றன; அவற்றினிடையே அரபுச் சொற்களும் காணப்படுகின்றன. கட்டுவித்தவர் சில ஆண்டுகளில் அரச சினத்துக்கு ஆளாகிச் சிறையில் மாண்டார். 1492இல் யூதர் நாடு கடத்தப்பட்டபின் கூடம் கிறித்தவச் சமயப் படையமைப்பு ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. இன்று அது ஸ்பானிய யூதர் வரலாற்றுக் காட்சிசாலையாக உள்ளது.

தலைமைப் பேராலயத்தின் வரலாறும் இத்தகையதே. நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் பேராயர் ரொத்ரீகோ ஹிமேனெஸ் தெ ராதாவின் காலத்தில், 1226ஐ ஒட்டித் தொடங்கப்பெற்று 1493இல் முற்றுப்பெற்றது. நகர் சரணடைந்தபோது பள்ளிவாசல் இசுலாமியர்க்கே விடப்படும் என மன்னர் வாக்களித்ததாகவும், மன்னர் வெளியூர் சென்றிருந்த வேளையில் அது பறிக்கப்பட்டதாகவும், சினந்து திரும்பிய மன்னரை இசுலாமிய அறிஞர் ஒருவரே சமாதானப்படுத்தியதாகவும் மரபுச் செய்தி உண்டு. அவ்வறிஞர்க்குப் பேராலயத்தின் உள்ளேயே சிலை அமைத்துள்ளனர்.

வழிகாட்டிகள் தொலேதோவை 'மூன்று பண்பாடுகளின் நகர்' எனப் புகழ்ந்துரைப்பர். மும்மதத்தாரும் ஓரூரில் வாழ்ந்தனர் என்ற அளவில் அஃது உண்மையே. ஆயினும் நாம் கண்ட கட்டடங்கள் வேறொன்றையும் சொல்லுகின்றன. ஒருவர் வழிபாட்டிடம் மற்றொருவர்க்கு ஆனபோதெல்லாம் முன்னவர் அதனை இழந்தனர். நூல்களுக்கோ அந்நிலை நேரவில்லை. அரபு நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது அரபு மொழி எதனையும் இழக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மொழிபெயர்ப்பு வரலாற்றை நோக்குவோம்.

இருமொழியாளர் வாழ்ந்த ஊர்

1085இல் காஸ்தீலிய மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோ தொலேதோவைக் கைப்பற்றினார். அதற்கு முற்பட்ட ஏறத்தாழ 370 ஆண்டுகள் நகர் இசுலாமியர் ஆட்சியில் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் அது தனியரசின் தலைநகராகி அறிவுத்துறையில் சிறந்து விளங்கிற்று. வானநூல் வல்லாராகிய அல்-சர்க்காலி அங்கே ஆராய்ந்தார். அந்நகரின் நீதிபதியாக இருந்த சாயித் அல்-அந்தலுசி 1068இல், அறிவியலை வளர்த்த இனங்களைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அவ்வினங்களுள் இந்தியர்க்கு அவர் முதலிடம் அளித்தார் என்பதும், இந்திய எண்முறையையும் 'கலீலா, திம்னா' கதைகளையும் அங்கே குறிப்பிட்டார் என்பதும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கருதத்தக்கன. தொலேதோவில் இருந்துகொண்டு இந்திய அறிவை மதிப்பிட்ட அறிஞர் 11ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார் என்பது இதனாற் புலனாகும்.

ஆட்சி மாறியதும் மொழி மாறிவிடவில்லை. நகரில் வாழ்ந்த கிறித்தவருள் பெரும்பகுதியினர் பல தலைமுறைகளாக அரபு பேசியவர்கள். மொசாரபியர் என்று இவர்களைக் குறிப்பர். 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரபு ஆவணங்களைக் கொன்சாலெஸ் பாலென்சியா என்னும் அறிஞர் 1926 முதல் 1930 வரை பதிப்பித்தார். நிலவிற்பனை, கடன், கொடை முதலியன பற்றிய அவ்வாவணங்களை எழுதிக்கொண்டவர்கள் பெரும்பாலும் கிறித்தவர்களே. கிறித்தவ மன்னர் ஆட்சியில், கிறித்தவர்கள், தம் வீட்டு விற்பனையை இரண்டு நூற்றாண்டுக் காலம் அரபு மொழியில் பதிந்து வந்தனர் என்றால், அவ்வூரில் இருமொழிப் புலமை எத்துணைப் பரவலாக இருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். மொழிபெயர்ப்புக்கு நிலைக்களனாக அமைந்தது இதுவே.

இருவர் கூடிச் செய்த பணி

'தொலேதோ மொழிபெயர்ப்பாளர் பள்ளி' என்னும் தொடர் நூல்களில் பரவலாக வழங்குகின்றது. பேராயர் ரைமுந்து (1125-1152) அதனை நிறுவினார் என்றும் எழுதுவர். இக்கருத்து 19ஆம் நூற்றாண்டில் ஷூர்தேன் (1819), ரோசே (1874) முதலிய அறிஞர்களின் எழுத்துக்களால் வலுப்பெற்றது. ஆயின், பாடத்திட்டமும் ஆசிரியரும் கொண்ட நிலையான பள்ளியொன்று இருந்தமைக்குச் சான்று இல்லை என்பதே பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. தனித்தனி அறிஞர்கள் வந்து, உதவியாளரைத் தேடிக்கொண்டு, பேராலயத்தின் ஆதரவில் உழைத்தனர் எனக் கொள்வதே பொருந்தும்.

அவர்கள் உழைத்த முறையை அவிசென்னாவின் உயிர்பற்றிய நூலுக்கு எழுதப்பட்ட காணிக்கை மடல் காட்டுகின்றது. யூத அறிஞர் அவெந்தௌத் அரபுச் சொற்களை ஒவ்வொன்றாக மக்கள் பேசும் மொழியில் சொல்ல, தொமிங்கோ குந்திசால்வோ என்னும் பாதிரியார் அவற்றை ஒவ்வொன்றாக இலத்தீனில் எழுதினார் என்னும் செய்தி அதனால் தெரிகின்றது. எனவே மொழிகள் மூன்று. ஆனால் ஏட்டில் ஏறியவை இரண்டே. நடுவில் நின்ற மக்கள் மொழி வாயிலிருந்து செவிக்குச் சென்று காற்றில் கலந்தது.

இத்தாலியிலிருந்து வந்த கெரார்து (இறப்பு 1187) இவர்களுள் மிகப் பெரும்பணி புரிந்தவர். தாலமியின் வானநூலைத் தேடி வந்த அவர், இங்குள்ள நூற்பெருக்கைக் கண்டு அரபு கற்றுத் தங்கிவிட்டார் என்று அவர்தம் மாணவர் குறித்துள்ளனர். அவர்கள் தொகுத்த பட்டியலில் அவர் பெயர்த்த நூல்கள் 70க்கு மேற்பட்டவை. யூக்ளிதின் வடிவகணிதம், அல்-குவாரிஸ்மியின் இயற்கணிதம், அவிசென்னாவின் மருத்துவப் பெருநூல் ஆகியன அவற்றுட் சில. தாலமியின் நூலை 1175இல் முடித்தார். அதற்குக் காலிப் என்னும் மொசாரபியர் உதவினார் என ஆங்கில மாணவர் தானியேல் மார்லி எழுதி வைத்துள்ளார். அந்நூலுக்கு வழங்கும் 'அல்மகெஸ்த்' என்னும் பெயரில் 'மிகப் பெரியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் அரபு முன்னொட்டும் இணைந்திருப்பது காண்க.

சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறையில் இடர்ப்பாடும் உண்டு. வில்லின் நாணைக் குறிக்கும் வடமொழிக் கணிதச் சொல்லாகிய 'ஜீவா' அரபு எழுத்தில் உயிர்க்குறியின்றி எழுதப்பட்டது. பின்வந்தோர் அதனை 'ஜைப்' எனப் படித்தனர். அரபியில் அதற்கு மடி அல்லது மார்புப் பக்கம் என்பது பொருள். 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் அது 'சைனஸ்' என்னும் இலத்தீன் சொல்லாயிற்று. கணித மாணவர் இன்று வழங்கும் 'சைன்' என்னும் சொல்லின் வரலாறு இதுவே.

இலக்கிய மாணவர்க்கு மற்றொரு சான்று இன்னும் சுவை தரும். செருமானியராகிய ஹெர்மன் என்பவர் 1256இல் தொலேதோவில், அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு அவெரோஸ் வரைந்த விளக்கத்தை இலத்தீனில் பெயர்த்தார். அரபு இலக்கிய மரபில் கிரேக்க நாடகம் போன்றது இல்லையாதலின், துன்பியல் நாடகத்தைப் புகழ்ப்பாட்டு என்றும், இன்பியல் நாடகத்தை வசைப்பாட்டு என்றும் அவெரோஸ் கொண்டிருந்தார். அவ்வாறே அஃது இலத்தீன் உலகையும் அடைந்தது. வாழ்த்தும் அங்கதமும் அறிந்த தமிழ் மாணவர், தமக்குத் தெரிந்த இலக்கிய வகையைக் கொண்டு தெரியாததை உணர முயன்ற அவ்வறிஞரின் நிலையை எளிதில் உணர்வர். நாடகத்தைப் பற்றிய நூலை, நாடகத்தைக் காணாத இரு மரபுகள் கைமாற்றிக் காத்தன என்றே கூறவேண்டும்.

இடைமொழி நூன்மொழி ஆனமை

12ஆம் நூற்றாண்டில் வாய்மொழியளவில் நின்ற காஸ்தீலிய மொழி 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறிற்று. இம்மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவர் 1221இல் இந்நகரிலேயே பிறந்து, 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர். அவர் அவை ஊர்தோறும் பெயர்ந்துகொண்டிருந்தது. செவில்லிலும் நூற்பணி நடந்தது. ஆயினும் வானநூல் ஆராய்ச்சிக்குத் தொலேதோவே களமாயிற்று. யெஹுதா பென் மோசே, இசாக் பென் சித் என்னும் யூத அறிஞர் இருவர் தொகுத்த 'அல்ஃபோன்ஸோ அட்டவணைகள்' பின்னர் இலத்தீன் வடிவிற் பரவி, கோப்பர்நிக்கசின் காலம் வரை ஐரோப்பாவில் வழங்கின.

அல்ஃபோன்ஸோவின் பணியில் இரண்டு கூறுகள் குறிக்கத்தக்கன. முதலாவது, சட்டம், வரலாறு, வானநூல், மணிநூல் ஆகிய துறைகள் அனைத்தையும் அவர் காஸ்தீலிய உரைநடையில் எழுதுவித்தார். இசைப்பாடல்களைக் கலீசிய-போர்த்துக்கேய மொழியில் யாத்த அவரே, அறிவு நூலுக்குக் காஸ்தீலியத்தைத் தேர்ந்தார். இரண்டாவது, மொழிநடையைத் தாமே திருத்தினார். விண்மீன் பற்றிய நூலொன்றின் முன்னுரை, மன்னர் மிகையான சொற்களை நீக்கி நடையைச் செவ்விய காஸ்தீலியமாக்கினார் என்னும் செய்தியைத் தருகின்றது. கலைச்சொற்களும் தொடரமைப்பும் மொழிபெயர்ப்பின் தேவையாலேயே அம்மொழியில் உருவாயின. யூத அறிஞர்கள் திருச்சபையின் மொழியாகிய இலத்தீனைவிட மக்கள் மொழியை விரும்பியமையும் இதற்கொரு காரணம் என்பர் அமெரிக்கோ காஸ்த்ரோ முதலிய ஆராய்ச்சியாளர்.

காஸ்தீலியக் கதை உரைநடையின் தொடக்க நூல்களுள் ஒன்று 'கலீலா, திம்னா'. அல்ஃபோன்ஸோ இளவரசராக இருந்தபோது 1251இல் அரபியிலிருந்து பெயர்க்கப்பட்டது எனப் பெரும்பாலோர் கொள்வர். நம் பஞ்சதந்திரமே 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பஹ்லவி மொழிக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவால் அரபு மொழிக்கும் சென்று, அங்கிருந்து ஸ்பெயினை அடைந்தது. தமிழில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் தற்கால உரைநடையின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஒரே கதைத்தொகுதி, வெவ்வேறு வழியாக வந்து, வெவ்வேறு காலத்தில், இரு மொழிகளின் உரைநடை வளர்ச்சிக்குத் துணைநின்றது.

பணி நின்றமை

இத்துணைச் சிறந்த பணி ஏன் தொடரவில்லை? அல்ஃபோன்ஸோவுக்குப் பின் அரச ஆதரவு குறைந்தது. மொசாரபியரும் நாளடைவில் அரபை மறந்து காஸ்தீலியம் பேசலாயினர். இவை இயல்பான காரணங்கள். பிறவோ மனிதர் வலிந்து செய்தவை. 1391இல் காஸ்தீலியமெங்கும் யூதர்மேல் கொலையும் கொள்ளையும் நிகழ்ந்தன. தொலேதோவும் அதற்கு விலக்கன்று. 1449இல் இந்நகரிலேயே, மதம் மாறிய யூதர் வழியினர் நகரப் பதவி வகித்தலாகாது என ஆணை பிறந்தது. ஒருவன் என்ன நம்புகின்றான் என்பதை விடுத்து, என்ன குருதி என்று கேட்ட சட்டங்களுள் இதுவே முதலாவது என்பர். 1492இல் யூதர் நாட்டை விட்டே அகற்றப்பட்டனர்.

தொலேதோ பேராயர்களையே எடுத்துக்கொண்டாலும் இம்மாற்றம் தெளிவாகும். பேராலயத்துக்கு அடிக்கல் இட்ட ரொத்ரீகோ, குர்ஆனை அறிந்து மறுக்க வேண்டும் என்னும் நோக்கினரேனும், மார்க்கு என்னும் தொலேதோ குருவைக் கொண்டு அதனை 1210ஐ ஒட்டி இலத்தீனில் பெயர்ப்பித்தார். அதே பீடத்தில் 1495 முதல் அமர்ந்த சிஸ்னெரோஸ், 1500ஐ ஒட்டிக் கிரனாதா நகரில் அரபு நூல்களை எரிப்பித்தார். மருத்துவ நூல்கள் மட்டும் விலக்களிக்கப்பட்டன. அவரே பின்னர் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றில் விவிலியத்தைப் பன்மொழிப் பதிப்பாக வெளியிடச் செய்த அறிஞருமாவார். ஆகவே கல்வியின்மையால் நூல்கள் எரிந்தன எனல் பொருந்தாது. பகைவனையும் அவன் நூலாலேயே அறிதல் வேண்டும் என்ற எண்ணம் ரொத்ரீகோவின் காலத்தில் இருந்தது. சிஸ்னெரோசின் காலத்தில் அது மறைந்தது.

எஞ்சிய நினைவு ஓர் இலக்கியத்தில் பதிந்துள்ளது. 1605இல் வெளியான 'தோன் கிஹோத்தே' முதற் பகுதியின் ஒன்பதாம் இயலில், தொலேதோவின் அல்கானாக் கடைத்தெருவில் சிறுவன் ஒருவன் பழந்தாள்களை விற்க வருகின்றான். அவை அரபு எழுத்தில் உள்ளன. கதைசொல்வோர் அவற்றை வாங்கி, அரபறிந்த மொரிஸ்கோ ஒருவரைத் தேடிப் பிடித்து, உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பேசி, தம் வீட்டிலேயே தங்கவைத்து ஒன்றரைத் திங்களுக்குச் சற்று மேலான காலத்தில் பெயர்ப்பிக்கின்றார். செர்வாந்தெஸ் தம் பெருங்கதையையே மொழிபெயர்ப்பு என்று கற்பனை செய்தார். அக்கற்பனைக்கு அவர் தேர்ந்த ஊர் தொலேதோ. நூல் வெளிவந்த நான்கு ஆண்டுகளில், 1609இல், மொரிஸ்கோக்களை நாடு கடத்தும் ஆணை பிறந்தது. 1614க்குள் அது நிறைவேறிற்று. அதன்பின் அக்கடைத்தெருவில் அத்தகைய மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்கமாட்டார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, தொலேதோவின் மொழிபெயர்ப்புப் பணிக்கு நிறுவனத்தைவிட இன்றியமையாததாக இருந்தது, இருமொழியும் தம் வாழ்க்கையில் வழங்கிய மக்கள் கூட்டம். இரண்டு, அப்பணி மதங்களின் நட்பினால் மட்டும் விளைந்ததன்று. தேவையும் அறிவு வேட்கையும் ஒருவர்க்கொருவர் இன்றியமையாமையும் கூடி விளைத்தன. அம்மக்களை அகற்றியபோது கட்டடங்கள் நின்றன, பணி நின்றுபோயிற்று. மூன்று, இடையிலிருந்து உதவிய மக்கள் மொழியை முடிந்த மொழியாகக் கொண்ட பின்னரே காஸ்தீலியம் எல்லாத் துறைக்கும் உரிய மொழியாக உயர்ந்தது.

மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். நம்மிடையே மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்னும் ஒரே வாயிலின் வழியாகவே நுழைகின்றன. அரபோ பாரசீகமோ ஸ்பானியமோ தமிழுக்கு நேரே வரவேண்டுமாயின், அவ்வம்மொழியைக் கற்றுத் துறைபோகியவர் தமிழ்த்துறைகளில் வேண்டும். பிறமொழியாளர் ஒருவரும் தமிழறிஞர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பெயர்க்கும் பழைய முறையும் வெட்கப்பட வேண்டியதன்று. அவெந்தௌத்தும் குந்திசால்வோவும் அவ்வாறே செய்தனர்.

1994இல் அந்நாட்டுக் காஸ்தீலியா-லா மாஞ்சா பல்கலைக்கழகம் 'தொலேதோ மொழிபெயர்ப்பாளர் பள்ளி' என்னும் பழம்பெயரை மீட்டு, அரபு, எபிரேய மொழிகளிலிருந்து பெயர்க்கும் பயிற்சிக்கென ஒரு நிறுவனத்தை அந்நகரில் அமைத்தது. அரைநாட் செலவில் அதனைக் காட்டுவதில்லை. தொலேதோ செல்லும் தமிழ் மாணவர், வாட்கடையில் செலவிடும் நேரத்தை அதன் வாயிலில் செலவிடுவாராயின், நகரின் வரலாறு அவர்க்கு இன்னும் நன்கு விளங்கும்.